கேஸ் கீசர் எட்டு நிமிடத்தில் தானே அணைந்துவிடுகிறது. சென்சார் கம்பிகளை இணைத்துவிடலாமா?

மாடிப்படி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது நிமிடத்துக்கு 6 லிட்டர் தரக்கூடிய, தொட்டி இல்லாத, குழாயைத் திறந்ததும் தானே பற்றிக்கொள்ளும் வகைக் கேஸ் கீசர். சிலிண்டர் எரிவாயுவில் இயங்குகிறது. தீப்பொறிக்காக அடிப்பகுதியில் இரண்டு பெரிய பேட்டரிகள் உள்ளன. வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குளியலறையின் உட்சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது; அதன் தலையிலிருந்து ஓர் அலுமினியப் புகைக்குழாய் இரண்டு வளைவுகளுடன் சென்று, சுவர்த் துளை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தனை ஆண்டுகளும் தொல்லை எதுவும் தராத இந்தக் கீசர், ஏறக்குறைய மூன்று மாதங்களாக ஒரு விசித்திரமான பழக்கத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது. குழாயைத் திறந்தால் 'டக் டக்' என்ற ஒலியுடன் உடனே பற்றிக்கொள்கிறது. தண்ணீரும் நல்ல சூடாக வருகிறது. ஆனால் ஏழெட்டு நிமிடம் கழிந்ததும் சுடர் பொட்டென்று அணைந்து, தலையில் சோப்பு நுரையோடு நிற்பவர்மீது பச்சைத் தண்ணீர் கொட்டுகிறது. குழாயை மூடித் திறந்தாலும் மீண்டும் பற்றுவதில்லை. அந்த 'டக் டக்' ஒலிகூட வருவதில்லை. கால் மணி நேரம், இருபது நிமிடம் விட்டுவிட்டுத் திறந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் எரிகிறது.

நான் இதுவரை செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரிகளை மாற்றினேன் (மின்னேற்றித் திரும்பப் பயன்படுத்தும் வகை). சிலிண்டர் தீர்ந்து புதியது வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சிறு வலை வடிகட்டியைக் கழற்றி மணலையும் துருவையும் கழுவினேன். தண்ணீர் வேகம் சற்றுக் கூடியதே தவிர அணைவது நிற்கவில்லை.

பழுது பார்க்க வந்தவர் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சென்சார் போய்விட்டது, இந்த இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டால் பிறகு அணையவே அணையாது" என்றார். அவர் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்த நேரத்தில் ஏதோ மனத்தில் உறுத்தியதால், அதை இருந்தபடியே மாட்டச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது என்ன சென்சார், அதை இணைத்துவிட்டால் என்ன ஆகும், உண்மையான பழுது எங்கே இருக்கிறது என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கைவிளக்கு:

மின்னேற்றும் பேட்டரி என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். அந்த நிக்கல் வகைப் பேட்டரியின் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் பேட்டரியில் அது 1.5 வோல்ட். இரண்டைச் சேர்த்தால் உங்களிடம் இருப்பது 2.4 வோல்ட்தான், கீசரின் கட்டுப்பாட்டுப் பலகையோ 3 வோல்ட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. தீப்பொறி வந்துவிடலாம், ஆனால் எரிவாயு வழியைத் திறந்து பிடித்திருக்கும் சோலினாய்டு வால்வு, மின்னழுத்தம் தளர்ந்தவுடன் கையை விட்டுவிடும். சற்று நேரம் ஓய்வு கொடுத்தால் சோர்ந்த பேட்டரி மறுபடி தலைதூக்குவதும் உண்டு என்பதால், நீங்கள் சொல்லும் இடைவெளிக்கும் இது பொருந்துகிறது.

ஒரே நாளில் வாங்கிய இரண்டு புதிய அல்கலைன் பேட்டரிகளைப் போட்டுப் பாருங்கள். போடும்போது பேட்டரிப் பெட்டியின் ஸ்பிரிங்குகளையும் பாருங்கள். குளியலறை ஈரத்தில் அவற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால், புதிய பேட்டரியும் பழையதைப்போலத்தான் நடந்துகொள்ளும்.

குறடும் திருப்புளியும்:

பேட்டரியை மாற்றுவது நல்லதே, மாற்றிவிடுங்கள். ஆயினும் உங்கள் கீசரின் நோய் அதுவன்று என்பது என் கணிப்பு. கீசர் அணைகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, பற்றியதிலிருந்து எத்தனை நேரத்தில் அணைகிறது என்பதைத்தான். அந்த நேரம் ஒன்றே பாதிப் பழுதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் புரிந்துகொள்ள, குழாயைத் திறந்தவுடன் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சற்றே பார்க்க வேண்டும்.

கீழே இருக்கும் தண்ணீர் வால்வுக்குள் வட்டமான ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கிறது. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அதன் இரு புறங்களுக்கும் இடையே அழுத்த வேறுபாடு ஏற்பட்டு, அது உப்பி ஒரு சிறு தண்டைத் தள்ளுகிறது. தண்டு நகர்ந்ததும் மைக்ரோ சுவிட்ச் ஒட்டிக்கொண்டு கட்டுப்பாட்டுப் பலகைக்கு உயிர் வருகிறது. பலகை ஒரே நேரத்தில் தீப்பொறியை உண்டாக்கி, சோலினாய்டையும் திறக்கிறது. பர்னர் பற்றியதும், சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உலோகக் கம்பி, சுடரின் வழியே பாயும் மைக்ரோ ஆம்பியர் அளவிலான மிக நுண்ணிய மின்னோட்டத்தைக் கொண்டு 'தீ இருக்கிறது' என்று பலகைக்குச் சொல்கிறது. அந்தச் செய்தி வராவிட்டால் சில நொடிகளுக்குள் எரிவாயு மூடப்படும்.

ஆகவே, பொறியே வராமல் தொடக்கத்திலேயே மௌனமாக இருந்தால் தண்ணீர் அழுத்தம், டயாஃப்ரம், மைக்ரோ சுவிட்ச், பேட்டரி ஆகியவற்றில் தேட வேண்டும். 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தருகிறது. தலைக்கு மேலே 2 மீட்டரில் தொட்டி இருந்தால் கிடைப்பது 0.2 பார்தான், பல கீசர்களுக்கு அது விளிம்புநிலை. பற்றிவிட்டு ஐந்தாறு நொடிகளில் அணைந்தால், குற்றவாளி பெரும்பாலும் சுடர் உணரும் கம்பியின்மீது படிந்த கரியோ வெண்படிவோதான். நைஸான உப்புத்தாளால் துடைத்தால் போதும். இவை எவையும் உங்கள் கதை அல்ல.

ஓரிரு நிமிடத்தில் அணைவது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகக் கொதிப்பதால். 12 கிலோவாட் வெப்பம் தரும் ஒரு கீசர், நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடும்போது தண்ணீரின் வெப்பநிலையை ஏறக்குறைய 28 பாகை உயர்த்தும். அதே சுடரில் ஓட்டம் 3 லிட்டராகக் குறைந்தால் உயர்வு 57 பாகை. 25 பாகையில் நுழைந்த தண்ணீர் 82 பாகையில் வெளியேறும். அப்போது செம்பு வெப்பமாற்றியின் குழாயில் ஒட்டவைக்கப்பட்டிருக்கும், பொத்தான் அளவிலான வெப்பச் சுவிட்ச் திறந்துகொண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். உப்புத் தண்ணீர் ஓடி உட்புறம் படிவு கட்டியிருந்தாலும் இதே விளைவுதான். நீங்கள் வடிகட்டியைச் சுத்தம் செய்த பிறகு ஓட்டம் கூடியும் பழுது தொடர்கிறது என்பதால் இதையும் நான் இரண்டாம் இடத்தில்தான் வைக்கிறேன்.

முதலிடத்தில் வைப்பது இன்னொரு வெப்பச் சுவிட்ச். சில கீசர்களில் மேலே, புகை சேர்ந்து குழாய்க்குள் நுழையும் தகரக் கூட்டின் விளிம்பில் அதேபோன்ற ஒரு பொத்தான் இருக்கும். புகை ஒழுங்காக மேலே போகும்வரை அந்த விளிம்பில் அறைக்காற்றுதான் உள்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும், பொத்தான் குளிர்ச்சியாக இருக்கும். புகை மேலே போக வழியில்லாமல் திரும்பி விளிம்பு வழியாக அறைக்குள் கசியத் தொடங்கினால், அந்தச் சூடு பட்டுச் சில நிமிடங்களில் பொத்தான் திறந்துகொள்ளும். உங்களுக்குப் பொறியின் ஒலிகூட வருவதில்லை என்பது, பலகைக்குப் போகும் சுற்று எங்கோ துண்டிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆறியபின் தானே ஒட்டிக்கொள்கிறது என்பதால் துண்டிப்பது ஒரு வெப்பச் சுவிட்சாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை சொல்கிறேன். அணைந்தவுடன் குழாயை மூடாமல் இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பிறகு மூடித் திறந்து பாருங்கள். வெப்பமாற்றியில் உள்ள சுவிட்ச் என்றால் குளிர்ந்த நீர் அதை ஆற்றிவிடும், கீசர் உடனே பற்றும். கூட்டின் விளிம்பில் உள்ளது என்றால் தண்ணீர் ஓடுவதால் அதற்குப் பயனில்லை. காற்றில் தானாக ஆறும்வரை கால் மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். சோதனையின்போது கதவையும் சன்னலையும் திறந்துவையுங்கள், உள்ளே யாரும் நிற்க வேண்டாம்.

சரியாக 20 நிமிடத்தில் அணைந்தால் அது பழுதே அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். சில மாதிரிகளில் அப்படியொரு நேரக் கட்டுப்பாடு பாதுகாப்புக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது.

கம்பிகளை இணைப்பது பற்றி: அந்த மெக்கானிக் சொன்னது உண்மைதான், பிறகு அணையவே அணையாது. புகை உள்ளே வந்துகொண்டிருந்தாலும் அணையாது. நீங்கள் அவரைத் தடுத்தது மிகவும் நல்லது. ஒரு கேள்விக்கு மட்டும் யோசித்துப் பதில் சொல்லுங்கள்: மூன்று மாதங்களுக்கு முன்பு அந்தக் குளியலறையில் என்ன மாறியது?

பழைய பாய்லர்:

நான் பயன்படுத்துவது தொட்டி வகை; அடியில் பர்னர், அதற்குப் பக்கத்தில் எப்போதும் எரியும் சிறு வழிகாட்டிச் சுடர். அதில் பேட்டரியே கிடையாது. சுடருக்குள் முனையை நீட்டியிருக்கும் தெர்மோகப்பிள் என்ற, இரு வேறு உலோகங்களை முனையில் இணைத்துச் செய்த கம்பி, அந்தச் சூட்டிலிருந்தே 20 முதல் 30 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை உண்டாக்கி எரிவாயு வால்வைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்தால் முனை ஆறும், வால்வு மூடிக்கொள்ளும். இந்த எளிமைக்காகவே எனக்கு அதன்மீது ஒரு மதிப்பு உண்டு.

என் சாதனத்திலும் வழிகாட்டிச் சுடர் அடிக்கடி அணைந்தபோது, நானும் தெர்மோகப்பிளைத்தான் சந்தேகித்துப் புதியது வாங்கி மாட்டினேன். ஒரு வாரத்தில் மறுபடியும் அணைந்தது. இரண்டாவது தெர்மோகப்பிள் வாங்கப் போவதற்கு முன்பு, அடியில் காற்று நுழையும் சல்லடையை ஒரு டார்ச் வைத்துப் பார்த்தேன். துணி துவைக்கும் இயந்திரம் பக்கத்திலேயே இருந்ததால், பஞ்சும் நூலும் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் அதை மூடியிருந்தன. பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்தேன். அதற்குப் பிறகு அணையவில்லை. கழற்றி வைத்த முதல் தெர்மோகப்பிள் இன்னும் மேசை இழுப்பறையில் நல்ல நிலையில் கிடக்கிறது.

புகை திரும்புகிறதா என்று பார்க்க நான் செய்யும் சோதனை உங்களுக்கும் பயன்படும். எரிவாயு வாடை எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கீசர் ஐந்து நிமிடம் எரிந்தபின், அப்போதுதான் ஊதி அணைத்த ஒரு தீக்குச்சியைப் புகைக் கூட்டின் விளிம்புக்கு அருகே பிடியுங்கள். குச்சியின் புகை கூட்டுக்குள் இழுக்கப்பட்டால் நல்லது. அது அசையாமல் நின்றாலோ, உங்கள் முகத்தை நோக்கித் தள்ளப்பட்டாலோ, புகைக்குழாய் தன் வேலையைச் செய்யவில்லை. வழக்கமாக நீங்கள் குளிக்கும்போது அறை எப்படி இருக்குமோ அப்படியே வைத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்து, கீசரை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மாடிப்படி:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை எல்லாவற்றையும் செய்து பார்த்தேன், வரிசையாகச் சொல்கிறேன்.

அல்கலைன் பேட்டரி போட்டேன். பொறியின் ஒலி முன்பைவிட வேகமாக வருகிறது, ஆனால் எட்டாவது நிமிடத்தில் வழக்கம்போல் அணைந்தது. அணைந்ததும் மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு மூடித் திறந்தேன். ஒலியும் இல்லை, தீயும் இல்லை. அப்படியென்றால் வெப்பமாற்றியில் இருப்பது அல்ல என்று புரிந்துகொண்டேன். பிறகு நன்றாக ஆறவிட்டு, கதவையும் சன்னலையும் முழுக்கத் திறந்துவைத்து வெளியில் நின்று பார்த்தேன். பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம், பதினைந்து நிமிடம் ஆகியும் அணையவே இல்லை.

தீக்குச்சிச் சோதனைதான் என்னைத் திகைக்கவைத்தது. கதவும் சன்னலும் திறந்திருந்தபோது புகை நூல்போல் நீண்டு கூட்டுக்குள் போனது. பிறகு சன்னலை மூடி, கதவைச் சாத்தி, நாங்கள் வழக்கமாகச் செய்வதுபோல் எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஓடவிட்டுப் பார்த்தால், அதே புகை கூட்டிலிருந்து விலகிக் கீழ்நோக்கி வளைந்து ஃபேனை நோக்கிப் போயிற்று. விளிம்புக்கு அருகே இருந்த என் விரல்களில் சூடான காற்று பட்டது. உடனே கீசரை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மூன்று மாதங்களுக்கு முன்பு என்ன மாறியது என்று கேட்டிருந்தீர்கள். அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் அப்போதுதான் பொருத்தப்பட்டது. சுவரில் ஈரம் கோக்கிறது என்பதற்காக. சன்னலில் இருந்த கண்ணாடிப் பட்டைகளை எடுத்துவிட்டு முழுக் கண்ணாடியும் அப்போதுதான் மாட்டினோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பு நீலமாக மட்டும் இருந்த சுடரின் நுனி இப்போது மஞ்சளாக ஆடுகிறது. கூட்டின் விளிம்பில் விரல் வைத்தால் கரி ஒட்டுகிறது. என் மனைவி கடைசியாகக் குளிப்பவர். சில வாரங்களாகக் குளித்துவிட்டு வந்தால் தலை வலிக்கிறது, சற்றுக் குமட்டுகிறது என்கிறார். வெந்நீரில் அதிக நேரம் நிற்பதால் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இரவுப்பணி:

நான் மருத்துவமனையில் அவசரப் பிரிவில் பணிபுரியும் செவிலியர். கீசரைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் உங்கள் கடைசிப் பத்தியைப் பற்றித் தெரியும். இந்த நிமிடத்திலிருந்து அந்தக் கீசரைப் பயன்படுத்த வேண்டாம். சிலிண்டர் வால்வை மூடுங்கள், உங்கள் துணைவியாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், குளியலறையில் எரிவாயு கீசர் இருக்கிறது என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

எரிவதற்குப் போதிய காற்று இல்லாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. சிலிண்டர் எரிவாயுவில் கசிவு தெரிவதற்காக மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள்; அது தீயில் எரிந்துபோவதால், புகையில் இருக்கும் நஞ்சை மூக்கு காட்டிக்கொடுக்காது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவுடன் இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கால் துவளுதல் என்று தொடங்கும். காய்ச்சல் இல்லாத சளிக்காய்ச்சல்போலத் தோன்றும். கால் துவண்ட நிலையில் தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் இருப்பவரால் கதவைத் திறக்க முடியாமல் போவதுதான் குளியலறையில் நேரும் கொடுமை.

வீட்டில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இருந்தால், அது 98 காட்டுகிறது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். சாதாரண விரல் கருவியால் ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் பிரித்தறிய முடியாது. அதற்கு இரத்தப் பரிசோதனைதான் வேண்டும், அதையும் தாமதிக்காமல் செய்ய வேண்டும். வெளிக்காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தாலே நான்கைந்து மணி நேரத்தில் இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகிவிடும் என்பதால், மறுநாள் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும்.

குறடும் திருப்புளியும்:

சகோதரி சொன்னதற்கு மேல் நான் சேர்க்க வேண்டியது கணக்கு மட்டுமே. அதைப் பார்த்தால், உங்கள் கீசர் ஏன் எட்டாவது நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தது என்பது விளங்கும்.

12 கிலோவாட் கீசர் முழுச் சுடரில் மணிக்கு ஏறக்குறைய 1.1 கிலோ எரிவாயுவை எரிக்கும். ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று தேவை. ஆக மணிக்கு 14 கன மீட்டர். ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரம் உள்ள குளியலறையில் இருக்கும் காற்று 7 கன மீட்டர் சொச்சம்தான். சன்னலும் கதவும் மூடி, புகையும் வெளியே போகாமல் உள்ளேயே சுழன்றால், எட்டு நிமிடத்தில் ஏறக்குறைய 2 கன மீட்டர் காற்றின் ஆக்சிஜன், அதாவது அறையில் இருந்ததில் கால் பங்குக்கும் சற்று அதிகம், தீர்ந்துபோகும். அந்த நிலையில் சுடர் நீலமாக இருக்க முடியாது. மஞ்சள் நுனியும் கரியும் அதன் வெளிப்பாடுகள்.

ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகிறது என்பதையும் கவனியுங்கள். சுவரில் ஈரம் கோத்ததற்காக ஃபேன் மாட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஈரத்தில் ஒரு பங்கு புகையிலிருந்தே வந்திருக்கலாம். அப்படியானால் ஃபேன் வருவதற்கு முன்பே உங்கள் புகைக்குழாய் அரைகுறையாகத்தான் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. கழற்றி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பாருங்கள்.

ஃபேன் செய்த வேலை எளிமையானது. அது அறைக் காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளிய காற்றுக்கு ஈடாக வேறு காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். முன்பு சன்னல் பட்டைகளின் இடுக்கு இருந்தது. அதை நீங்கள் மூடிவிட்டதால், மிச்சமிருந்த ஒரே பெரிய துளை புகைக்குழாய்தான். சூடான புகை மேலே ஏறும் விசை மிகவும் சிறியது. ஒரு சாதாரண ஃபேனின் இழுப்பே அதைத் தலைகீழாக்கிவிடும். புகையை வெளியேற்றத்தான் ஃபேன் என்று நினைத்து அதை ஓடவிடுபவர்கள் பலர். புகைக்குழாய் உள்ள கீசருக்கு அது நேர் எதிராக வேலை செய்கிறது.

சன்னலைத் திறந்து ஃபேனை நிறுத்திவிட்டால் போதுமா என்று கேட்பீர்கள். ஒரு குளிர்காலக் காலையில் யாரோ ஒருவர் சன்னலைச் சாத்துவார். வெளியேயிருந்து காற்றை இழுத்து வெளியேயே புகையை விடும் மூடிய அறை வகைக் கீசராக இல்லாதவரை, குளியலறைக்குள் அதற்கு இடமில்லை. வெளிச்சுவருக்கு மாற்றுங்கள், மழைச்சாரலும் நேர்க்காற்றும் படாத இடமாக, சன்னல்களிலிருந்து தள்ளி இருக்கட்டும். சிலிண்டர் எரிவாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது என்பதால், பள்ளமான இடமோ வடிகால் வாயோ பக்கத்தில் இருக்கக் கூடாது. மாற்றி முடித்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியைக் கசிவு பார்க்க ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். மேலே நண்பர் சொன்ன சோதனை புகையின் திசையை அறிய மட்டுமே.

நெடுநாள் வாசகர்:

எல்லாரும் அளவுக்கு மீறி அச்சுறுத்துகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் பத்து ஆண்டுகளாகக் கீசர் குளியலறைக்குள்தான் இருக்கிறது, புகைக்குழாயே கிடையாது, ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

குறடும் திருப்புளியும்:

ஐயா, இந்த நண்பர் வீட்டிலும் ஆறு ஆண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு சன்னல் கண்ணாடியும் ஒரு ஃபேனும் வந்தபிறகுதான் ஆயிற்று. உங்கள் கீசரில் விளிம்புச் சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அணைந்து எச்சரிக்கவும் அதற்கு வழியில்லை. குறைந்தது, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையாவது மாட்டுங்கள். ஐரோப்பியத் தரநிலை 50291-இன்படி அமைந்த கருவி, காற்றின் பத்து லட்சம் பங்கில் 300 பங்கு எட்டினால் 3 நிமிடத்துக்குள்ளும், 100 பங்கு என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும் ஒலிக்க வேண்டும். ஒரு குளியல் நேரத்துக்குள் 100 பங்கில் அது ஒலிக்காமலே போகலாம் என்பதைக் கவனியுங்கள். கருவி இருக்கிறது என்பதற்காகக் கீசரை உள்ளேயே வைத்துக்கொள்ள முடியாது.

மாடிப்படி:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். முதலில் சகோதரிக்கு: மறுநாள் காலையிலேயே என் மனைவியை அழைத்துச் சென்றேன். நீங்கள் சொன்னபடி முதல் வாக்கியத்திலேயே கீசரைச் சொன்னேன். மருத்துவர் உடனே எங்கள் இருவருக்கும் இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். கடைசியாகக் கீசர் எரிந்து பல மணி நேரம் ஆகிவிட்டதால் அளவு அதிகமாக இல்லை. ஆனால் கீசரை நிறுத்திய நாளிலிருந்து தலைவலி ஒருமுறைகூட வரவில்லை.

புகைக்குழாயைக் கழற்றினோம். இரண்டாவது வளைவின் உட்புறத்தில் குளவி கட்டிய மண்கூடு, காய்ந்து கல்லாகி, பாதி வழியை அடைத்திருந்தது. அதைத் தட்டி எடுத்தபோது உள்ளே கரி பூசியிருந்ததைப் பார்த்தால், அது பல காலமாக அங்கே இருந்திருக்க வேண்டும். சுவர் ஈரத்தைப் பற்றிய உங்கள் கணிப்பு சரி என்று அப்போதுதான் புரிந்தது.

கீசர் இப்போது பின்புற வெளிச்சுவரில், கூரைச் சாய்ப்புக்குக் கீழே இருக்கிறது. பர்னரின் காற்றுத் துளைகளில் இருந்த தூசியையும் சிலந்தி வலையையும் தூரிகையால் எடுத்தபின் சுடர் முழுக்க நீலமாக எரிகிறது. குளியலறைக்கு எட்டு மீட்டர் குழாய் கூடுதலாகப் போடவேண்டியிருந்ததால், அதில் தேங்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் வெளியேறும்வரை முதல் பதினைந்து நொடி பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. அதை ஒரு வாளியில் பிடித்துக்கொள்கிறோம். விளிம்புச் சுவிட்சின் கம்பிகள் இருந்தபடியே இருக்கின்றன.

மாற்றிய அன்றே சோதிப்பதற்காகத் தொடர்ந்து ஓடவிட்டேன். எட்டு நிமிடம் கடந்தது, பத்து கடந்தது, பதினைந்தும் கடந்தது. மகிழ்ச்சியோடு நின்றுகொண்டிருந்தபோது பொட்டென்று அணைந்துவிட்டது. பழையபடி தொடங்கிவிட்டதே என்று நெஞ்சு படபடக்கக் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக 20 நிமிடம். குழாயை மூடித் திறந்ததும் 'டக் டக்' என்று உடனே பற்றிக்கொண்டது.